கியர் கம்பிக்குள் புகும் மழை

சைக்கிள் ஓட்டும் வாசகர்களிடமிருந்து மழைக்காலத்தில் வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். “நேற்று வரை நன்றாக இருந்த கியர் இன்று மாறவில்லை. என்ன மாற்ற வேண்டும்?” ஜெஞ்சாரோம், பந்திங், தெலுக் பங்லிமா காராங் பக்கம் இருப்பவர்கள் இதை இன்னும் அதிகமாகவே கேட்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. வார இறுதியில் அவர்கள் மவுண்டன் பைக் ஓட்டுவது தார் சாலையில் அல்ல. செம்பனைத் தோட்டத்து மண் சாலையில்.

கோல லங்காட் கரையோர மண்ணைப் பற்றி அங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேரித் தீவுப் பக்கம் களிமண். உள்ளே போனால் சில இடங்களில் கரிமண், அதாவது புளிப்பேறிய கறுப்புத் தண்ணீர் தேங்கும் சதுப்பு மண். இவற்றின் மேல் லாரியும் டிராக்டரும் போவதற்காகச் செம்மண் சரளை கொட்டியிருப்பார்கள். வெயிலில் அது மாவுபோலப் பறக்கும். மழையில் கூழாகி ஒட்டும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் இந்த இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கும். மோரிப் பக்கம் போய் வந்தால் கடல் காற்றின் உப்பும் சேரும்.

இந்த மண், நீர், உப்பு மூன்றும் முதலில் தேடிப் போவது கியர் கேபிளைத்தான். ஆனால் கியர் கெட்டால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

அண்மையில் ஷா ஆலமில் வேலை செய்யும் ஓர் இளைஞர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். “அண்ணே, கடையில ஆர்.டி. போயிருச்சு, புதுசு போடணும்னு சொல்றாங்க. ஷிப்டரையும் சேர்த்து மாத்திட்டா நல்லதாம். இந்த மாசம் தங்கச்சிக்குக் காலேஜ் பீஸ் வேற கட்டணும், அதான் யோசனையா இருக்கு” என்றார். ஆர்.டி. என்பது பின் டிரெய்லியர், சங்கிலியைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் நகர்த்தும் உறுப்பு. அதை விரலால் உள்ளே தள்ளிப் பார்த்தேன். ஸ்பிரிங் சட்டென்று திரும்பி வந்தது. டிரெய்லியருக்கு ஒன்றுமில்லை. கேபிளின் கடைசித் துண்டைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தபோது காப்பி நிறத்தில் தண்ணீர் சொட்டியது. “இதுக்குள்ள எப்படிண்ணே தண்ணி போச்சு?” என்று கேட்டார். இந்த வாரக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

கேபிள் ஓர் அளவுகோல்

முன்பெல்லாம் கியர் நெம்புகோலில் ‘கிளிக்’ கிடையாது. சங்கிலிச் சத்தத்தைக் காதால் கேட்டு, கையால் கொஞ்சம் கூட்டிக் குறைத்து ஓட்டுவார்கள். கேபிளில் உராய்வு இருந்தால் கை அதைச் சரிசெய்துகொள்ளும். 1984-இல் சிமானோ தன் எஸ்.ஐ.எஸ். முறையைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. ஒரு கிளிக் என்றால் கம்பி இத்தனை மில்லிமீட்டர் நகரும் என்று நெம்புகோலே முடிவு செய்கிறது. அன்றிலிருந்து கேபிள் வெறும் இழுகயிறு அல்ல, ஓர் அளவுகோல்.

கணக்கைப் பாருங்கள். சிமானோவின் 8 கியர் அமைப்பில் ஒரு கிளிக்குக் கம்பி ஏறக்குறைய 2.8 மி.மீ. நகரும். டிரெய்லியர் அதை 1.7 மடங்காக்கி, சங்கிலியை 4.8 மி.மீ. பக்கவாட்டில் தள்ளும். பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரமும் அதுதான். சேறு பிடித்து, கம்பி அரை மில்லிமீட்டர் பின்தங்கினால் சங்கிலி முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் தவறிய இடத்தில் நிற்கும். ‘கடகட’ சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. பிறகு வந்த 10 கியர் மவுண்டன் பைக் அமைப்பில் சிமானோ ஒரு கிளிக்குக்கு 3.4 மி.மீ. அளவுக்குக் கம்பியை இழுக்க வைத்து, டிரெய்லியரின் பெருக்கத்தை 1.2 மடங்காகக் குறைத்தது. கம்பியில் நேரும் சிறு பிசகு சங்கிலியில் பெரிதாகத் தெரியாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. இருந்தாலும் கம்பி சிக்கினால் எந்த அமைப்பும் சிக்கும்.

குற்றவாளி கேபிள்தானா?

புதிய பொருள் வாங்குமுன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். செலவில்லை, ஐந்து நிமிடம் போதும்.

முதலாவது, கியர் எந்தப் பக்கம் மாற மறுக்கிறது என்று கவனியுங்கள். பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும்போது உங்கள் கட்டைவிரல் கம்பியை இழுக்கிறது. அந்தப் பலம் சேற்றையும் வென்றுவிடும். சிறிய பல்சக்கரத்துக்கு இறக்கும்போது டிரெய்லியரின் ஸ்பிரிங் மட்டுமே வேலை செய்கிறது. ஆகவே ஏற்றும்போது சரியாக மாறி, இறக்கும்போது மட்டும் தயங்கினால், பெரும்பாலும் கேபிளில் உராய்வு இருக்கிறது.

இரண்டாவது, சங்கிலியைப் பெரிய பல்சக்கரத்தில் நிறுத்திவிட்டு, பெடலைச் சுற்றாமல் ஷிப்டரை மட்டும் கடைசி கிளிக் வரை இறக்குங்கள். கம்பி தளர்ந்துவிடும். சட்டத்தில் வெட்டுள்ள தாங்கிகள் இருந்தால் கேபிளின் வெளி உறையை அவற்றிலிருந்து எளிதாக வெளியே எடுக்கலாம். ஒவ்வொரு துண்டையும் கம்பியின் மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நல்ல துண்டு பட்டுத் துணிபோல நழுவும். கெட்ட துண்டு மணலரைப்பதுபோல் இருக்கும். எந்தத் துண்டு என்று விரலே சொல்லிவிடும்.

பெரும்பாலும் அது கடைசித் துண்டாகத்தான் இருக்கும். மழைநீர் திறந்த கம்பியின் மேல் வழிந்து, சட்டத்தின் பின் தண்டு வழியே இறங்கி, கடைசி உறையின் மேல்வாயில் நுழைகிறது. அந்த உறை வளைந்து டிரெய்லியருக்குப் போகிறது. வளைவின் அடியில் நீர் தேங்குகிறது. அதோடு வந்த மண் அங்கேயே படிகிறது. ஒரு சாண் நீளத் துண்டு முழுச் சைக்கிளையும் முடக்கிவிடுகிறது.

‘சீல்’ என்றால் என்ன?

கடையில் ‘சீல்ட் கேபிள்’ என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. மூன்று வகை உண்டு.

முதல் வகை, முனை மூடிகளில் மட்டும் ரப்பர் வளையம் உள்ளது. உறை ஆங்காங்கே நின்று தொடங்கும். ஒவ்வொரு வாயிலும் ரப்பர் உதடு கம்பியைக் கவ்விக்கொண்டு நீரைத் தடுக்கும். விலை குறைவு. பெரும்பாலான சைக்கிள்களுக்கு இதுவே பொருந்தும்.

இரண்டாம் வகை, ஷிப்டரிலிருந்து டிரெய்லியர் வரை இடைவெளியே இல்லாத ஒரே நீள உறை. நடுவில் வாயே இல்லாததால் நீர் நுழைய இரண்டு முனைகள் மட்டுமே மிஞ்சும். சட்டத்தில் முழு உறையைப் பிடிக்கும் கொக்கிகள் இருந்தால் இதைப்போல எளிய தீர்வு வேறில்லை. வெட்டுள்ள தாங்கிகள் மட்டுமே இருந்தால், சட்டத்தைத் துளையிட்டுப் பெரிதாக்க வேண்டாம். உறையைச் சட்டத்தோடு பட்டையால் கட்டலாம். இல்லையேல் மூன்றாம் வகைக்குப் போகலாம்.

மூன்றாம் வகையில், உறைக்கு உள்ளே ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் லைனர் திறந்த பகுதியிலும் நிற்காமல் தொடர்கிறது. மூக்கு நீண்ட மூடிகள் தாங்கியைக் கடந்து லைனரைப் பிடித்துக்கொள்ளும். டிரெய்லியர் முனையில் ஒரு சிறிய ரப்பர் தொப்பி. கோர்-டெக்ஸ் மழையங்கித் துணிக்குப் பெயர்பெற்ற கோர் நிறுவனம் இந்த முறையில் செய்த ரைட்-ஆன் கேபிள்களைச் சேற்றில் ஓட்டுபவர்கள் இன்னும் பேசுவார்கள். அவை இப்போது தயாரிப்பில் இல்லை. இதே எண்ணத்தில் செய்த கிட்களை ஜாக்வயர் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன.

மூன்று வகைக்கும் பொதுவான ஒரு குணத்தை மறந்துவிடக் கூடாது. நீரை வெளியே நிறுத்தும் சீல், உள்ளே போய்விட்ட நீரையும் வெளியே விடாது. சரியாகப் பொருத்தாத விலையுயர்ந்த சீல்ட் கேபிள், சாதாரணக் கேபிளைவிட மோசமாகத் துருப்பிடிக்கலாம். ஆகவே விலைச்சீட்டைவிட வாய் எப்படி மூடப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம்.

கடையில் பார்க்க வேண்டியவை

கியர் உறை பெரும்பாலும் 4 மி.மீ. தடிமன்; பிரேக் உறை 5 மி.மீ. வெட்டிய முனையைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பிரேக் உறையில் பட்டைக் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் உறையில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் அடுக்கியிருக்கும். அழுத்தினால் சுருங்காமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். பிரேக்கின் முழுப் பலம் வந்தால் இந்த நீளக் கம்பிகள் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வெளியேறிவிடும். எனவே மிச்சமிருக்கும் கியர் உறையை ஒருபோதும் பிரேக்குக்குப் போடாதீர்கள். பிள்ளைகளின் சைக்கிளில் ‘ரெண்டும் ஒண்ணுதானே’ என்று யாராவது மாட்டியிருந்தால் இன்றே மாற்றுங்கள்.

உள்கம்பி 1.2 மி.மீ. தடிமன் இருக்கும். பின் கியருக்கு வழக்கமாக 2,000 அல்லது 2,100 மி.மீ. நீளத்தில் வரும், ஒரே நீள உறை போடுபவர்களுக்கும் பெரும்பாலான சட்டங்களில் அது போதும். துத்தநாகம் பூசிய கம்பி மலிவு, ஆனால் நம் ஈரத்தில் சீக்கிரம் வெளுத்துத் துருவேறும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையே கேளுங்கள். அதிலும் மேற்பரப்பை இழைத்து வழவழப்பாக்கிய வகை தோட்டச் சாலைக்கு நன்றாக உழைக்கும்.

இதைவிட விலை கூடியது பூச்சுக் கம்பி. ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் பி.டி.எஃப்.இ. போன்ற பொருளைக் கம்பி மேல் பூசியிருப்பார்கள். புதிதில் கை வைத்தாலே கியர் மாறும். ஆனால் கூரிய விளிம்பிலோ மணலிலோ உரசினால் பூச்சு நூல் நூலாக உரிந்து, அதே நூல் உறைக்குள் அடைத்துக்கொள்ளும். ஞாயிறுதோறும் சேற்றில் இறங்குபவர், ‘இருப்பதிலேயே விலை கூடியது எதுவோ அதுதான் நல்லது’ என்று எண்ண வேண்டியதில்லை.

சிமானோவின் எஸ்.பி.41 போன்ற உறைகளில் உள்ளே மசகு தடவியே வரும். அதற்கு மேல் நீங்கள் கெட்டிக் கிரீஸ் அடைத்தால், அது தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும்.

கேபிளே வேண்டாம் என்போருக்கு, கம்பியில்லா மின் கியர்கள் வந்துவிட்டன. ஸ்ராம் நிறுவனம் 2019-இல் அவற்றை மவுண்டன் பைக்குக்குக் கொண்டுவந்தது. அந்த விலைக்கு நல்ல சைக்கிளே ஒன்று வாங்கிவிடலாம் என்பதால் இங்கே அதை நீட்டிப் பேசவில்லை.

பொருத்தும் முறை

தேவையானவை: கேபிள் வெட்டும் கத்தரி, சிறிய அரம், ஊசி அல்லது கூர்மையான ஆணி, ஆலன் சாவிகள். சாதாரணக் குறட்டால் வெட்டினால் உறை நசுங்கிவிடும். கத்தரி இல்லையென்றால் அளவெடுத்துக் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள்.

1. ஷிப்டரை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கான கிளிக்கில் வையுங்கள். கம்பியின் முனைத் தொப்பியை வெட்டி, டிரெய்லியரில் கம்பியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்துங்கள். பெரும்பாலும் 5 மி.மீ. ஆலன் சாவி; சில புதியவற்றில் 4 மி.மீ. பழைய கம்பியை ஷிப்டர் பக்கமாக வெளியே தள்ளுங்கள்.

2. பழைய உறைகளை எறிந்துவிடாதீர்கள். அவைதான் உங்கள் அளவு. ஒவ்வொரு துண்டையும் புதியதன் பக்கத்தில் வைத்து வெட்டுங்கள். ஆனால் பழைய அளவு சரிதானா என்றும் பாருங்கள்: கைப்பிடியை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது உறை இழுபடக் கூடாது, கடைசித் துண்டு ஒடிந்த கோணமாக இல்லாமல் இயல்பான வளைவாக டிரெய்லியருக்குள் நுழைய வேண்டும்.

3. வெட்டும்போது உறைக்குள் ஒரு பழைய உள்கம்பித் துண்டைச் செருகிக்கொண்டால் லைனர் நசுங்காது. வெட்டிய முகத்தை அரத்தால் தட்டையாக்குங்கள். ஊசியால் லைனரின் வாயை வட்டமாகத் திறந்துவிடுங்கள். வேலை முழுவதிலும் அவசரக்காரர்கள் தவறவிடும் படி இதுதான். முகம் சாய்ந்திருந்தால் மூடி சரியாக உட்காராது. மூடி உட்காராவிட்டால் சீல் செய்ததற்குப் பொருளில்லை.

4. சீல் மூடிகளை அதனதன் இடத்தில் போடுங்கள். ரப்பர் உதடு உள்ள மூடி, மழை விழும் திறந்த பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். எல்லா வாய்க்கும் மூடி போதவில்லை என்றால் முதல் உரிமை கடைசித் துண்டின் மேல்வாய்க்கு. ரப்பர் உதட்டில் மட்டும் சிலிக்கான் கிரீஸை ஒரு பொட்டு தடவலாம்.

5. புதிய கம்பியை ஷிப்டர் வழியே நேராகச் செலுத்துங்கள். தரையில் படவிடாதீர்கள்; ஒட்டிய ஒரு மணல் துகளும் உள்ளே போய்விடும். பூச்சுக் கம்பி என்றால் விளிம்புகளில் உரசாமல் மெல்ல இழுங்கள். நுனி பிரிந்துவிட்டால் வலிந்து தள்ள வேண்டாம்.

6. சரிசெய்யும் குமிழை முழுதும் உள்ளே திருகி, ஒன்றிரண்டு சுற்று வெளியே எடுங்கள். கம்பியைக் கையால் இழுத்துப் பிடித்து டிரெய்லியர் திருகை இறுக்குங்கள். முறுக்குவிசைச் சாவி வைத்திருப்பவர்களுக்கு: சிமானோ டிரெய்லியர்களில் வழக்கமாக 6 முதல் 7 நியூட்டன் மீட்டர்.

7. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக்கொண்டே எல்லாக் கியரிலும் சில முறை ஏறி இறங்குங்கள். உறைகள் தத்தம் இடத்தில் அமரும். கம்பி கொஞ்சம் தளரும். ‘புதுக் கம்பி நீண்டுவிட்டது’ என்பார்கள். உண்மையில் பெரும்பாலும் மூடிகளும் உறைகளும் அமர்வதுதான் அது. திரும்ப ஒருமுறை இழுத்து இறுக்குங்கள்.

8. இனி நுண்சரிசெய்தல். ஒரு கிளிக்கில் சங்கிலி அடுத்த பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் குமிழைக் கால் சுற்று வெளியே எடுங்கள். அதையும் தாண்டி அடுத்ததில் உரசினால் கால் சுற்று உள்ளே விடுங்கள். டிரெய்லியரில் இருக்கும் இரண்டு எல்லைத் திருகுகளைத் தொடாதீர்கள். கேபிள் மாற்றியதால் அவை மாறுவதில்லை.

9. கம்பியின் மிச்சத்தை வெட்டி முனைத் தொப்பி போட்டு நசுக்குங்கள். தொப்பி இல்லாத கம்பி நாலு நாளில் துடைப்பமாகி விரலைக் குத்தும்.

சேற்றுக்குப் பிறகு

தோட்டத்திலிருந்து திரும்பியதும் பெட்ரோல் நிலையத்து அழுத்த நீர்க்குழாயால் அடிப்பது பலரின் பழக்கம். மழையால் நுழைய முடியாத வாயில் அந்த அழுத்தம் நீரை ஏற்றிவிடும். தோட்டக் குழாய் நீரும் பழைய பிரஷும் போதும். கேபிள் முனைகளுக்கு நேராகப் பீய்ச்சாதீர்கள். கழுவியபின் கூரைக்குக் கீழ், காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள்.

புதிய கேபிளில் மூன்று நான்கு சவாரிக்குப் பிறகு குமிழைக் கால் சுற்று சரிசெய்ய வேண்டியிருக்கும்; அது இயல்பு. சேற்றில் அடிக்கடி ஓட்டுபவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மேலே சொன்ன நழுவல் சோதனையைச் செய்யுங்கள். உறையின் பிளாஸ்டிக் வெடித்திருந்தாலோ, நீளக் கம்பிகள் மூடியைத் துளைத்து எட்டிப் பார்த்தாலோ, எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.

பணம் எந்த வரிசையில் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் கடைசித் துண்டு உறையும் ஒரு சீல் மூடியும். சில வெள்ளிதான் ஆகும். அதில் சரியாகாவிட்டால் துருப்பிடிக்காத உள்கம்பியும் முழு உறைகளும். அடிக்கடி சேற்றில் இறங்குபவர் என்றால் ஒரே நீள உறை, அல்லது லைனர் தொடரும் கிட். இவ்வளவும் செய்த பிறகும் ஸ்பிரிங் தளர்ந்தோ கொக்கி வளைந்தோ இருந்தால் மட்டுமே டிரெய்லியர். பலர் இந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகச் செய்து, பல நூறு வெள்ளி போன பிறகு முதல் வரியில் வந்து நிற்கிறார்கள்.

வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் போதும். கடைசித் துண்டிலிருந்து காப்பி நிறத் தண்ணீர் சொட்டுவதை ஒருமுறை பார்த்த பிள்ளை, பிறகு எந்தப் பொருள் பழுதானாலும் ‘புதுசு வாங்கலாம்’ என்று சொல்லுமுன் கழற்றிப் பார்க்கும்.

அடுத்த வாரம்: டிஸ்க் பிரேக் கீச்சிடுவது ஏன்?